ஆடாத ஊரில் நிலநடுக்கப் பாடம்

லண்டன் குலுங்கியதாகப் பெரிதாகப் பேசப்பட்டது 1750ஆம் ஆண்டில். பிப்ரவரி 8ஆம் தேதி ஒரு முறை, மார்ச் 8ஆம் தேதி மறுமுறை. 1884இல் பக்கத்து எஸெக்ஸில், கோல்செஸ்டரைச் சுற்றிய ஊர்களில் புகைபோக்கிகள் சரிந்தன. இப்படி அபூர்வமாகவே அசையும் ஊருக்கு நிலநடுக்கப் பொறியியல் படிக்கப் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். இம்பீரியல் கல்லூரியும் யுனிவர்சிட்டி கல்லூரியும் அதற்கென்று ஆய்வுக் குழுக்களை வைத்திருக்கின்றன. நம் வரிப்பணம் இதற்கு எதற்கு என்று ஒருவர் கேட்டால், அது தட்டிக்கழிக்க வேண்டிய கேள்வி அல்ல.

பதில் அந்த அறிவியலின் அடிப்படையிலேயே இருக்கிறது. மின்னலைப் பார்த்ததும் இடிச் சத்தம் வரும்வரை எண்ணுவோமே, அதே கணக்குத்தான். நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேர்வது பி அலை, பின்னால் வருவது எஸ் அலை. சில நூறு கிலோமீட்டருக்குள் என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். முப்பது நொடி என்றால் 240 கிலோமீட்டர். ஆனால் அது எந்தத் திசையில்? தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு வட்டம் வரையலாம், அவ்வளவுதான். மூன்று இடங்களிலிருந்து வரைந்த வட்டங்கள் வெட்டும் இடமே மையம். அந்த மையம் கடலுக்குள்ளோ அடுத்த நாட்டிலோ இருந்தால், அக்கரையில் இருப்பவரின் கருவியும் வேண்டும். எனவே இந்தத் துறையில் ஒத்துழைப்பு என்பது தர்மம் செய்வதல்ல. அது இல்லாமல் கணக்கே முடியாது.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்த ஜான் மில்ன் 1876இல் டோக்கியோவுக்குக் கற்பிக்கப் போனார். நிலநடுக்கவியலை அவர் கற்றுக்கொண்டதோ ஜப்பானில்தான். அதே ஆண்டு எதிர்த்திசையில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்குப் படிக்க வந்த செகியா செய்கெய், காசநோயால் நாடு திரும்பி, 1886இல் உலகின் முதல் நிலநடுக்கவியல் பேராசிரியர் ஆனார். 1895இல் இங்கிலாந்து திரும்பிய மில்ன், வைட் தீவின் ஷைட் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுவதும் தன் கருவிகளை அமைத்தார். அவற்றில் ஒன்று நம் கொடைக்கானலில் இருந்தது. 1897 ஜூன் 12இல் அசாமை உலுக்கிய நடுக்கத்தை ஆராய்ந்த நிலவியலாளர் ஓல்டாம், அடுத்தடுத்த ஆய்வுகளின் முடிவில், 1906இல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் பூமிக்குள் ஒரு கருவம் இருக்கிறது என்று நிறுவினார்.

இதெல்லாம் பேரரசு தன் காலனிகளிலிருந்து தகவலை வாரிக்கொண்ட கதைதானே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அன்று தகவல் பெரும்பாலும் ஒருவழியாகத்தான் வந்தது. ஆனால் மில்ன் தொடங்கிய தொகுப்பு வேலையின் இன்றைய வாரிசு, லண்டனுக்கு மேற்கே தாச்சமில் இருக்கும் சர்வதேச நிலநடுக்கவியல் மையம். பல நாடுகளின் நிறுவனங்கள் உறுப்பினராகிப் பணம் கட்டி நடத்துவது அது. வந்த பதிவுகளைச் சரிபார்த்து வெளியிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

தகவல் நொடியில் பறக்கும் காலத்தில் ஆளுக்குப் பயிற்சி எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். 2004 டிசம்பர் 26 அதற்குப் பதில். சுமத்ரா அருகே நிலம் பிளந்தது சில நிமிடங்களில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குத் தெரிந்துவிட்டது. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதை நாகப்பட்டினத்துக்குச் சொல்ல ஆளும் ஏற்பாடும்தான் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

கட்டடத்துக்கு வருவோம். லண்டன் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனத்தின் கீழ் 1982 முதல் இயங்கும் ஈஃபிட் குழு, நடுக்கம் நடந்த ஊருக்கே போய் விழுந்ததையும் நின்றதையும் பார்த்து எழுதும். 2001 சனவரி 26 குஜராத்தின் பூஜ் நடுக்கத்துக்குப் பிறகும் போனது. மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அகமதாபாத்தில், கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டு எழுப்பிய அடுக்குமாடிகள் சரிந்து கிடந்தன. தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைக் கவனியுங்கள். அதன் முனையை 90 டிகிரியில் மடக்கிவிட்டால், குலுக்கலில் கம்பியை மூடிய காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துகொள்ளும். 135 டிகிரிக்கு வளைத்து உள்ளே செருகினால் பிடித்துக்கொள்ளும். இந்திய விதிநூல் கேட்பது இரண்டாவதை. நிலநடுக்க அபாய மண்டலங்களின் 2002 திருத்தத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டதால் அந்த விதி அங்கும் பொருந்தும்.

லண்டனில் படித்தவர்கள் ஊர் திரும்புவதில்லை என்ற குறையும் பொய்யில்லை. அதனால்தான், இங்கே பத்து இடம் கூட்டுவதைவிட அங்கே ஆசிரியர்களைத் தயார் செய்வதே மேல் என்பேன். ரூர்க்கி பல்கலைக்கழகம் 1960இலேயே அந்த வழியைத் தொடங்கியது. பூஜுக்குப் பின் ஐஐடிகள் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கே வகுப்பு எடுத்தன. கம்பி கட்டுபவருக்கு லண்டன் பட்டம் வேண்டாம். அவருக்குச் சொல்லித்தரும் மேஸ்திரியும், மேஸ்திரியைக் கேள்வி கேட்கும் பொறியாளரும் வேண்டும்.

லண்டனில் இருந்தபடியே சென்னையில் வீடு கட்டுகிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், தூண் ரிங்கின் முனையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் அதை யாராலும் பார்க்க முடியாது.