வான் வாங்க முன்னர் தண்ணீரை நிறுங்கள்

(சங்கத்தின் சுயதொழில் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "நீ அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்கிற தொழில் நடத்துகிறாய், அதற்கு என்ன வாகனம் சிக்கனம் என்று சொல்லு" என்று செயலாளர் அண்ணை கேட்டார். நடத்துகிறேன் என்பது பெரிய சொல். காலை சிப்ட் முடிந்த பிறகும் சனிக்கிழமைகளிலும் மச்சானும் நானும் செய்கிற பகுதிநேர வேலை இது. வீட்டு முற்றத்துக் கல், கராஜ் வாசல், பாசி பிடித்த வடக்குப் பக்கச் சுவர், இவைதான் எங்கள் வேலை. இந்த ஊர் மழைக்குப் பாசி குறைவில்லை, அதனால் வேலைக்கும் குறைவில்லை.

டொச்சில் இந்த வேலைக்கே ஒரு கொம்பனியின் பெயரைத்தான் வினைச்சொல்லாக வைத்திருக்கிறார்கள், "கேர்ச்சர்ன்" என்று. அல்பிரட் கேர்ச்சர் என்பவர் 1935இல் தொடங்கிய கொம்பனி அது. சுடுதண்ணீர் அழுத்த மெசினை 1950இல் செய்தார்கள். சரி, அது கிடக்கட்டும். நான் வான் கதைக்கு வாறேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சீட்டுக் காசு 4,800 யூரோ கையில் வந்தது. கிளிநொச்சியில் தங்கச்சி வீட்டுக்குக் கூரை போடவென்று சேர்த்த காசு. "ஆறு மாதம் பொறு, இரட்டிப்பாக்கி அனுப்புகிறேன்" என்று அவவிடம் சொல்லிவிட்டு ஒரு பழைய டீசல் வான் வாங்கினேன். பார்க்கப் பெரிசு, விலை மலிவு, 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர்தான் குடிக்கும் என்றார்கள். எண்ணெய் குறைவாகக் குடித்தால் சிக்கனம் என்று நானும் நம்பினேன். பின்னால் 1,000 லீற்றர் தொட்டி ஒன்றை ஏற்றினேன். கம்பிக்கூட்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்ரிக், எல்லோருக்கும் தெரியும். அதில் கழுத்துவரை தண்ணீர்.

இரண்டாவது கிழமையே பொலிஸ் மறித்தது. வானின் பின்பக்கம் றோட்டில் குந்திக்கொண்டு போனதைக் கண்டுதான் மறித்தார்கள். தராசில் ஏற்றினார்கள். அனுமதி 2,800 கிலோ, நிறுவை 3,275 கிலோ. தண்டம் 35 யூரோ மட்டும்தான். 20 வீதத்துக்கு மேலே போயிருந்தால் 95 யூரோவும் பிளென்ஸ்பேர்க்கில் ஒரு புள்ளியும். ஆனால் பாரத்தை இறக்காமல் போக முடியாது என்றார்கள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கானுக்குள் ஓடி முடியுமட்டும் மச்சானும் நானும் மழையில் நின்றோம். ஆமாம், அன்றைக்கு மழையும் பெய்தது. வாடிக்கையாளர் காத்திருந்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவன் நான். ஆனால் ஒரு கழித்தல் கணக்குச் செய்யவில்லை. வாகனப் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எஃப் 2 என்ற கட்டம் இருக்கும். அது வாகனம் பாரத்தோடு இருக்கக்கூடிய மொத்த எடை. ஜி என்ற கட்டம் சாரதியோடு ஓடத் தயாராக நிற்கிற எடை. முதலாவதில் இரண்டாவதைக் கழியுங்கள், அதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. என் வானுக்கு 2,800இல் 1,980 போக 820 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லீற்றர் தண்ணீர், 60 கிலோ வெறும் தொட்டி, 90 கிலோ பெற்றோல் மெசின், குழாயும் சாமானும் 60, மச்சான் 85. கூட்டினால் 1,295. மச்சானை இறக்கிவிட்டாலும் சரிவராது!

தண்டத்தோடு முடியவில்லை. அந்தப் பாரத்தில் ஓடியதால் பின் வில்லும் கிளச்சும் போய்விட்டன. திருத்த 1,150 யூரோ. கடைசியில் வானை 2,700க்கு விற்றேன். 3,250 யூரோ நட்டம். தங்கச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மழைக்கும் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தா. அவவுக்கு இன்னும் 900 யூரோ நான் கொடுக்க வேணும்.

இப்ப எண்ணெய்க் கணக்கைப் பார்ப்போம். எங்கள் வேலைக்கு வருடத்தில் 7,000 கிலோமீற்றருக்கு மேலே ஓடுவதில்லை. புவரில் இருந்து உக்கென்டோர்ப், மிஞ்சினால் ஹேர்ண, எசன். 8 லீற்றர் வானுக்கும் 10 லீற்றர் வானுக்கும் வருடத்தில் 140 லீற்றர்தான் வித்தியாசம். லீற்றர் 1 யூரோ 60 சதம் என்று வைத்தாலும் 224 யூரோ. எனது ஒரு திருத்தச் செலவு ஐந்து வருட எண்ணெய் மிச்சத்தை விழுங்கிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், எண்ணெயை மட்டும் பார்த்து வாகனம் வாங்காதையுங்கோ.

டீசலுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி நீண்ட ஓட்டத்தில், நல்ல சூட்டில்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தமாகும். ஐந்து கிலோமீற்றர் ஓடி மூன்று மணித்தியாலம் நிற்பாட்டுகிற எங்கள் வேலையில் அது அடைத்துக்கொள்ளும். றூர் பகுதி சுற்றாடல் வலயத்துக்குள் 2014 யூலையில் இருந்து பச்சை வில்லை இல்லாமல் ஓட முடியாது, அதையும் பார்த்து வாங்குங்கள். 2018 நவம்பரில் எங்கள் நகரத்து நிர்வாக நீதிமன்றம் கேர்ட் ஷூமாகர் வீதியில் பழைய டீசலுக்குத் தடை போடச் சொன்னது. பிறகு அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் பலர் அப்போது பயந்து வாகனத்தை விற்றார்கள். குறுகிய ஓட்டத்துக்குப் பெற்றோல் வான் நல்லது என்பது என் அபிப்பிராயம். மின்சார வான் இன்னும் நல்லது, சொந்தக் கராஜில் மின் இணைப்பு உள்ளவருக்கு. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற எங்களில் எத்தனை பேருக்கு அது சரிவரும்?

எனக்குக் கண் திறந்தது ஹோர்ஸ்ட் பகுதியில் ஒரு வயதான டொச் அம்மாவாலே. "ஏன் தம்பி தண்ணீரைச் சுமந்துகொண்டு வாறீர்? என் சுவரில் குழாய் இருக்கே" என்று கேட்டா. உண்மைதானே! அதற்குப் பிறகு நாங்கள் வேலை பார்க்கப் போகும்போது ஒரு 10 லீற்றர் வாளியைக் கொண்டு போகிறோம். குழாயைத் திறந்து, ஒரு நிமிடத்துக்குள் வாளி நிரம்பினால் மணிக்கு 600 லீற்றர் குடிக்கிற மெசினுக்கு அது போதும். பத்து வீட்டில் எட்டு வீட்டில் போதுமாக இருக்கிறது. பிறகு எதற்கு ஒரு தொன் தண்ணீரை ஊரெல்லாம் இழுப்பான்?

இப்ப எங்களிடம் இருப்பது ஒரு சின்னப் பெற்றோல் வானும், 750 கிலோ ரெயிலரும். சாதாரண பி வகுப்பு லைசென்ஸ் போதும். வானுக்குள் மெசின், குழாய், மச்சான். தண்ணீர் இல்லாத இடத்துக்கு மட்டும் ரெயிலரில் 400 லீற்றர் தொட்டி. ரெயிலருக்கு வருட வரி 29 யூரோ. பதிவுப் பத்திரத்தில் ஓ 2 கட்டத்தையும் பாருங்கள், பிரேக் இல்லாத ரெயிலர் எவ்வளவு இழுக்கலாம் என்று அங்கே இருக்கும். சில சின்ன வான்களுக்கு 750 வராது. ரெயிலரை வாகனத்தில் இருந்து கழற்றி றோட்டில் இரண்டு கிழமைக்கு மேல் விடக்கூடாது. தொட்டியை நிரப்பினால் முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் வெறுமையாக விடுங்கள். அரைத்தொட்டி, பிரேக் பிடிக்கும்போது முன்னுக்கு ஓடிவந்து தள்ளும். பனிக்காலத்தில் பம்புக்குள் தண்ணீர் விட்டுப் படுத்தால் காலையில் பம்பு வெடித்திருக்கும்.

வாங்கும்போது விலையைக் கவனமாக வாசியுங்கள். வருடத்தில் 25,000 யூரோவுக்குள் வியாபாரம் செய்கிற சிறு முயற்சியாளர் வரி அறவிடத் தேவையில்லை, அது வசதி. ஆனால் வாங்கும்போது கொடுத்த 19 வீதத்தைத் திருப்பி எடுக்கவும் முடியாது. 6,900 யூரோ, வரி தனி என்று போட்டிருந்தால் எங்களுக்கு அது 8,211 யூரோ. இதில் ஏமாந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

பதிவு விசயம் சுருக்கமாக. கட்டிடச் சுத்திகரிப்புக்கு 2004இல் இருந்து மைஸ்டர் பட்டம் தேவையில்லை. ஆனால் கைத்தொழில் மன்றத்தில் பதிய வேணும், எங்கள் நகரத்துக்கு அது மூன்ஸ்டரில். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் முதலாளிக்கு அறிவியுங்கள். அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணையில் இருக்கிறவர்கள் சுயதொழில் செய்ய முடியாது. தம்பிமார் அவசரப்பட்டு வேறு ஆளின் பெயரில் தொடங்கி விசாவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய வான் பார்க்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், பின்னேர சிப்ட் இல்லாத கிழமை வருவேன். என் பதிவுப் பத்திரத்தின் பிரதி பின்மேசையில் இருக்கிறது. எஃப் 2, ஜி, ஓ 2 மூன்றையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறேன். தேநீர் நேரத்தில் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கோ.