கண்ணாடித் தொட்டியில் பூத்த கொட்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் நம் காலனியில் பலர். மீனைக் காணும் கண், அதனருகே அசையும் நீர்ச்செடியைக் காண்பது அரிது. அச்செடியும் பூக்கும், காய்க்கும், வழிவழியாகப் பெருகும்.

பெருகும் முறை எல்லாச் செடிக்கும் ஒன்றன்று. நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா, மணலின்மேல் ஓடுதண்டு விட்டுக் கன்றுகளை ஈனும். அதன் ஆண்பூக்கள் நீரடியில் அறுபட்டு மேலெழுந்து மிதந்து, நீண்ட காம்பில் காத்திருக்கும் பெண்பூவை அடையும். கருவுற்றதும் அக்காம்பு சுருண்டு, காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும்.

நம் ஊர்க் குளத்துக் கொட்டியின் இயல்பு வேறு. அப்போனோஜெட்டான் என்னும் பேரினத்தைச் சேர்ந்த அது, கிழங்கிலிருந்து வளர்வது. கதிர் போன்ற பூந்தண்டை நீருக்கு மேல் நீட்டும். குளத்தில் பூச்சிகள் மகரந்தம் சேர்க்கும். வீட்டுத் தொட்டியில் அவ்வேலை நம்முடையது. மெல்லிய தூரிகையால் பூக்களைச் சில நாட்கள் வருடிவிடுதல் வேண்டும். இரு செடிகள் ஒருங்கே பூத்தால் இன்னும் நன்று. முற்றிய விதைகள் சிறிது நேரம் மிதந்து பின் மூழ்கும். மீன் தின்னுமுன் எடுத்து, ஆழமில்லாத தட்டில் மணலும் நீரும் இட்டு முளைக்க வைக்கலாம்.

இத்தலைநகரின் தைமாதக் குளிரில் ஓராண்டு என் கொட்டியின் இலைகள் யாவும் அழுகி உதிர்ந்தன. செத்ததென்று எண்ணிக் கிழங்கைக் குப்பையில் எறிந்தேன். அது உறக்கமே என்பதைப் பின்னரே அறிந்தேன். விரலால் அழுத்தினால் கிழங்கு உறுதியாக இருக்கிறதா? அப்படியானால் உயிர் இருக்கிறது. ஈரமணலில் 2, 3 மாதம் ஓய்வு கொடுத்து, வெயில் ஏறியபின் முனை மட்டும் வெளியே தெரிய நட்டால் மீண்டும் துளிர்க்கும்.

குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையைப் பழித்து, உடனிருந்து வாடும் கொட்டியையே உறவுக்கு உவமை காட்டுகிறது ஔவையாரின் மூதுரை. ஊரை விட்டு வந்த நம்மை அப்பறவையோடு சேர்ப்பாரும் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நாம் கிழங்கைக் கையோடு கொண்டுவந்தவர்கள். நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் இலை உதிர்ந்தாற்போலத் தோன்றலாம். செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். நாள்தோறும் சிறிது நீர் வார்த்து வாருங்கள். பருவம் வரும்போது அது பூக்கும்.