விரலை வைத்து விலை போடாதே! அளந்து பார்த்து விலை கொடு!

(பருத்தி விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் நமது சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போன மாசியில ஏழு தாட்டு பருத்தி கொண்டு போனேன். வியாபாரி ஒரு பிடி எடுத்து ரெண்டு விரலால இழுத்துப் பார்த்தார். "இழை கட்டை, ஈரம் கூட" என்றார். குவிண்டாலுக்கு 400 ரூபாய் பிடித்தம். "அளந்து காட்டுங்க" என்றேன். அளக்க அங்கே ஒரு கருவியும் இல்லை. அவர் விரல்தான் அளவுகோல்!

400 ரூபாய் என்பது சின்னத் தொகையா? மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலையைப் பாருங்கள். நடுத்தர இழை, அதாவது 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர் வரை, குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். நீண்ட இழை, 29.5 முதல் 30.5 வரை, 8,110 ரூபாய். வித்தியாசம் அதே 400! அரசாங்கம் மில்லிமீட்டர் கணக்கில் விலை சொல்லுது. நம்ம ஊர்ல அதை விரலால கழிக்கிறாங்க.

இழை நீளம் விதையிலேயே இருக்கு. நம்ம கரிசல்ல விளைந்த கருங்கண்ணி கட்டை இழை. தடித்த நூலுக்குத்தான் ஆகும். எம்.சி.யு.5 நீண்ட இழை; 60ஆம் நம்பர் நூல் வரை ஓடும். 1974இல் கோவையில் உருவான சுவின் 100ஆம் நம்பருக்கு மேலேயும் நூற்கும். இழை நீளமா, பலமா, மெலிசா இருந்தா நூல் அறாது. மூணு ரகத்தையும் ஒரே குவியலாக் கொட்டினா? கட்டை இழையும் நீள இழையும் கலந்து நூல் மேடு பள்ளமா வரும். நல்ல ரகம் போட்டவனுக்கும் மட்ட விலைதான்.

அடுத்தது அரவை. உருளை ஜின்னில் தோல் உருளை இழையைப் பிடித்து இழுக்கும், கத்தி கொட்டையைத் தடுக்கும். இழை அதிகம் அறுபடாது. ரம்ப ஜின் வேகமானது, ஆனா நீள இழையை வெட்டிவிடும். ரொம்பக் காய்ந்த பருத்தியை அரைத்தா இழை ஒடியும். ஈரமா அரைத்தா பஞ்சு முடிச்சு விழும். உருளையும் கத்தியும் சரியா அமையாட்டி கொட்டை நசுங்கி எண்ணெய்க் கறை படியும். இத்தனையும் நம்ம கையை விட்டுப் போன பிறகு நடப்பது. ஆனா பழி யார் தலையில? "விவசாயி கொண்டு வந்த சரக்கே மட்டம்" என்கிறார்கள்!

இன்னொரு கணக்கு. 100 கிலோ பருத்தியில் ஒரு ரகம் 33 கிலோ பஞ்சு கொடுக்கும், இன்னொன்று 36 கிலோ கொடுக்கும். பஞ்சு கிலோ 150 ரூபாய் என்று வையுங்கள். 3 கிலோவுக்கு 450 ரூபாய். அது யார் பைக்குப் போகுது? யோசியுங்கள்.

நம்ம பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கணும். பனி காயுமுன் எடுக்கிறோம். கொட்டுப் பருத்தியை நல்லதோட சேர்க்கிறோம். உரச் சாக்கில் அடைக்கிறோம். அந்தப் பிளாஸ்டிக் நார் பஞ்சோட கலந்தா நூலில் போய் நிற்கும். சாயம் ஏறாது, துணி கழிவாகும். ஆகவே வெயில் ஏறின பிறகு எடுங்க. ரகம் ரகமாப் பிரிங்க. துணித் தாட்டில் கட்டுங்க. நம்ம சரக்கு சுத்தமா இருந்தாத்தான் நம்ம குரல் ஓங்கும்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் ஈரமானி வை! இழை நீளம் அளக்கும் வசதி செய்!

2. அளவு எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் பிடிக்காதே!

3. ரகவாரியாகக் குவித்து ஏலம் விடு!

4. இந்தியப் பருத்திக் கழகம் 8 சதம் ஈரம் வரை முழு விலை தருகிறது. அறுவடைக்கு முன்பே நம் வட்டத்தில் அதன் கொள்முதல் நிலையத்தைத் திற!

விதைப்பவன் நாம், களை எடுப்பது நம் வீட்டுப் பெண்கள். விலையை மட்டும் யாரோ ஒருத்தர் விரல் சொல்லுவதா? வரும் திங்கட்கிழமை விற்பனைக் கூடத்தின் வாசலில் ஆர்ப்பாட்டம். ஆளுக்கு ஒரு பிடி பருத்தியோடு வாருங்கள். "இதை அளந்து சொல்" என்று கேட்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!