முதுமையுற்ற விண்மீன்களின் கொடை

வன்னியில் இரவிலே பயிருக்குக் காவலிருப்போர் ஒன்றை நன்கறிவர். நிலவற்ற இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று மேலே நோக்கினால், விண்மீன்களின் நிறம் பலவாதல் புலப்படும். சில நீலம், சில வெண்மை, உரோகிணி போன்ற சில செம்மை. செந்நிறம் பல விண்மீன்களில் முதுமையின் அடையாளமாகும். அம்முதுமையில் அவை ஆற்றும் அருந்தொழிலைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இளமையில் விண்மீன் ஐதரசனை ஈலியமாக்கி ஒளிர்கின்றது. ஞாயிறு இன்று செய்வதும் இதுவே. பின்னர் ஈலியம் காபனாகவும் ஒட்சிசனாகவும் மாறும். மிகப் பெரிய விண்மீன்களில் இத்தொடர் இரும்பு வரை செல்லும். அதற்கப்பால் கருக்களை இணைத்தால் ஆற்றல் செலவாகுமேயன்றிக் கிடைப்பதில்லை. அவ்வாறாயின் பேரியம், ஈயம் முதலிய பாரமான மூலகங்கள் எங்கிருந்து வந்தன? ஆதியிலேயே யாவும் ஆக்கப்பட்டனவா? இன்றும் ஆக்கப்படுகின்றனவா?

இவ்வினாவுக்கு 1952ஆம் ஆண்டில் தெளிவான சான்று கிடைத்தது. அமெரிக்க வானியலறிஞர் பால் மெரில், சில செவ்விண்மீன்களின் நிறமாலையில் தெக்கினீசியத்தின் கோடுகளைக் கண்டார். அம்மூலகம் நிலையற்றது. அதன் வகைகளுள் நெடிது வாழ்வதும் சில பத்து இலட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். விண்மீனின் வயதோ அதனினும் பன்மடங்கு பெரிது. பிறப்பிலே பெற்றது எஞ்சியிருத்தல் இயலாது. ஆகவே அம்மீன் தன் வயிற்றிலேயே அதனை ஆக்கியிருத்தல் வேண்டும்.

ஆக்கும் முறை யாது? நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. எனவே அணுக்கரு அதனைத் தள்ளுவதில்லை. இரும்புக் கரு ஒரு நியூத்திரனை ஏற்கும். நெடுநாட் கழித்து இன்னொன்றை ஏற்கும். கரு நிலைகுலைந்தால் உள்ளிருக்கும் நியூத்திரன் ஒன்று புரோத்தனாகும். மூலகம் ஒரு படி உயரும். இவ்வாறு படிப்படியாக ஈயம், பிசுமது வரை ஏறும். பொன்னின் பெரும்பகுதியும் யுரேனியமும் வேறு கடுவிரைவான நிகழ்ச்சிகளிற் பிறப்பவை.

கொதிக்கும் உலையில் அடியிலுள்ளது மேலெழுவதுபோல, ஆக்கிய பொருள் மீனின் மேற்பரப்புக்கு வரும். அங்கே காபனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று இறுகப் பிணைத்துக்கொள்ளும். ஒட்சிசன் மிஞ்சினால் அது தைத்தேனியம் முதலியவற்றோடு கூடும். காபன் மிஞ்சினால் காபன் சேர்வைகளும் கரித்தூளும் தோன்றி, மீன் மேலும் சிவக்கும். மேற்பரப்பின் இரசாயனமே உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கின்றது.

ஒரு புதிரும் உண்டு. முதுமையின் அந்நிலையை எய்தாத சில விண்மீன்களிற் பேரியம் மிகுந்திருக்கின்றது, தெக்கினீசியமோ இல்லை. அவை இரட்டை மீன்கள் என்பது பின்னர் தெரியவந்தது. மூத்த துணைமீன் தன் செல்வத்தை இளையதன்மேற் சொரிந்துவிட்டு, வெண்குறுமீனாகச் சுருங்கிவிட்டது. தெக்கினீசியம் காலப்போக்கில் அழிந்தது, பேரியம் நிலைத்தது. வெண்குறுமீனின் நிறைக்கு எல்லையுண்டு என்று கணித்தவர், சென்னையிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயர் தாங்கி, இலடாக்கின் அன்லே என்னுமிடத்தில் நிற்கும் 2 மீற்றர் தொலைநோக்கியைக் கொண்டு, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் இத்தகைய மீன்களை ஆராய்ந்துள்ளனர்.

நேயர்களே, இவையெல்லாம் தொலைவிலுள்ள செய்தி என எண்ணற்க. முதிய மீன்கள் தம் மேலாடையை விண்ணில் உதறிவிடுகின்றன. அத்தூசியும் கலந்தே ஞாயிறும் நிலவுலகும் உருவாகின. நம் வயலில் உழுந்தின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றின் நைதரசனைப் பயிருக்கு உணவாக்குதற்கு மொலித்தனம் என்னும் மூலகம் இன்றியமையாதது. அதன் ஒரு பகுதி இத்தகைய முதிய மீன்களிலேயே ஆனது. காவற்பரணிலிருந்து செவ்விண்மீனை நோக்கும் உழவன், தன் பயிருக்கு உரமிட்ட ஒரு குலத்தையே நோக்குகின்றான்.