எட்டே எட்டு முறை



இந்த மாதிரிப் பட்டமளிப்பு மேடையில் அப்துல் கலாமைப் பற்றிப் பேசினால் ஆபத்தில்லை. நீங்கள் அழைத்திருப்பதோ விளையாட்டுச் செய்தி எழுதியே பிழைத்தவனை. அதனால் உங்களில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிராத ஓர் அமெரிக்கரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் டான் டியர்டார்ஃப். அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேனாக ஆடி, பிறகு வர்ணனையாளர் ஆனவர்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. தலைக்கவசம், முட்டை வடிவப் பந்து, அணிக்குப் பதினொரு பேர். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள், அவர்கள்தான் லைன்மேன்கள். எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் பாயாமல் இரண்டு மூன்று விநாடி மறிப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் அவர்கள் வேலை. பந்து அவர்கள் கைக்கு வருவதில்லை. நடுவில் நிற்கும் சென்டர் மட்டும் அதைப் பின்னால் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்.

ஓடியவருக்கு எத்தனை கெஜம் ஓடினார் என்ற கணக்கு உண்டு. எறிந்தவருக்குக் கணக்கு உண்டு. குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதை ‘சாக்’ என்பார்கள். 1982 முதல் அதையும் வீழ்த்தியவர் பெயரில் எழுதுகிறார்கள். வீழ்த்தவிடாமல் தடுத்தவருக்கு என்ன கணக்கு? எதுவும் இல்லை. அவர் விதி மீறிப் பிடித்து இழுத்தால் மட்டும் நடுவர் மைக்கில் அவருடைய சட்டை எண்ணை அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யார் படம் எடுக்கிறார்கள்? தேர் இடறினால் முதலில் தேடப்படுபவர் அவர்தான்.

டியர்டார்ஃப் பிறந்தது 1949-இல், ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில். அமெரிக்கக் கால்பந்து லீக் 1920-இல் உருவானது அந்த ஊரின் ஒரு கார் விற்பனைக் கூடத்தில். அதனால் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற புகழ்மண்டபத்தையும் 1963-இல் அங்கேயே திறந்தார்கள். பையனுக்கு அப்போது பதினான்கு வயது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, 1971-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு வந்தார். புது வீரர்களை அணிகள் எடுக்கும் தேர்வில் அவருக்கு முன்பே 42 பேரை எடுத்து முடித்திருந்தார்கள். அதே அணியில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார்.

1975-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். பதினான்கு ஆட்டங்கள். அந்த ஐவரைத் தாண்டி கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக்கை வீழ்த்த முடிந்தது மொத்தம் எட்டு முறை. அன்றைக்கு அது லீக் சாதனை. லைன்மேன்கள் கையை நீட்டி, விரல் விரித்து எதிராளியைத் தள்ளலாம் என்று விதி தளர்ந்ததே 1978-இல்தான். இவர்கள் கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளாலும் காலடியாலும் மறித்த காலம் அது. நியாயமாகச் சொன்னால் குவார்ட்டர்பேக் ஜிம் ஹார்ட் பந்தைச் சட்டென்று எறிந்துவிடுவார். தலைமைப் பயிற்சியாளர் டான் கோரியலின் ஆட்டமுறையும் அதற்குத் தோது. லைன்மேன்களைப் பழக்கியவர் ஜிம் ஹனிஃபன்.

ஆனாலும் பாருங்கள், அந்த ஐவரில் நாடறிந்த முகம் டியர்டார்ஃபுக்குப் பக்கத்தில் நின்ற கான்ராட் டாப்ளர். காரணம், எதிராளியைக் கடிப்பார், உதைப்பார் என்ற பேச்சு. 1977-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ அவரை அட்டைப்படத்தில் போட்டு, ஆட்டத்திலேயே மோசமான ஆள் என்று பட்டம் கொடுத்தது. லைன்மேன் அட்டைப்படத்துக்கு வர அப்படி ஒரு வழி!

டியர்டார்ஃப் 1979-இல் முழங்கால் பிசகி அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். திரும்பி வந்தார். 1982-இல் இடம் மாறிச் சென்டராக ஆடச் சொன்னார்கள், ஆடினார். அவர் இருந்த காலம் முழுக்க அந்த அணி நாக்-அவுட் கட்டத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 1983-இல் ஓய்வு.

பிறகுதான் பேச வந்தார். 1987 முதல் 1998 வரை தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஆட்டங்களில், பெரும்பாலும் ஆல் மைக்கேல்ஸ், ஃப்ராங்க் கிஃபர்டு ஆகியோருடன். கேமரா எப்போதும் பந்தின் பின்னால் போகும். லைன்மேனின் கண்ணோ பந்து இல்லாத இடத்தைப் பார்த்துப் பழகியது. ஓட்டக்காரர் வழி கண்டுபிடித்து ஓடினார் என்று நாம் நினைக்கும் இடத்தில், அந்த வழி எவர் தோளால் திறந்தது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். ரொம்பப் பேசுகிறார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பழைய பதிவுகளைக் கேட்கும்போது எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றும். பேசாமல் நின்ற வரிசைக்கெல்லாம் சேர்த்துப் பேசினார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1996-இல் சொந்த ஊர் மண்டபத்திலேயே அவருக்கு வெண்கல மார்பளவுச் சிலை. 2008-இல் அதே மண்டபம் வர்ணனைக்கான பீட் ரோசல் விருதையும் கொடுத்தது. இரண்டும் கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

உங்களில் ஒருவர் நாளை ஐ.சி.யூ.வில் இரவுப்பணி பார்ப்பார். ஒருவர் மென்பொருளில் பிழை தேடுவார். இன்னொருவர் மின்நிலையத்தில் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்லபடியாக முடிந்த நாளுக்கு உங்கள் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. ‘எதுவும் நடக்கவில்லை’ என்பதுதான் உங்கள் சாதனை. சம்பள உயர்வுக் கூட்டத்தில் அது எடுபடாது. அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உங்கள் வேலை என்ன, அதில் எது கடினம் என்று வேலை தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பழகுங்கள். மேலதிகாரி தானாகக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்காதீர்கள்.

சொல்லும்போது ‘நான்’ எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அந்த எட்டு ஐந்து பேருடைய எட்டு. டாப்ளர், டாம் பேங்க்ஸ், பாப் யங், ரோஜர் ஃபின்னி, இந்த நால்வருக்கும் கேன்டனில் சிலை கிடையாது. மண்டபம் ஆளைத்தான் சேர்க்கும், வரிசையைச் சேர்க்காது. இது எனக்கு உறுத்தல்தான்.

பயணம் செய்ய உடம்பு ஒத்துழைக்காததால் 2013 பருவத்தோடு டியர்டார்ஃப் தொலைக்காட்சியை விட்டார். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழக வானொலிக்கு வந்தார். கூடப் பேசியவர் கல்லூரிக் காலத்தில் ஒன்றாக ஆடிய ஜிம் பிராண்ட்ஸ்டாட்டர். 1969-இல் பரம வைரி ஒஹாயோ ஸ்டேட்டை மிச்சிகன் 24–12 என்று வீழ்த்தியபோது டியர்டார்ஃப் அந்த அணியில் இருந்தவர். வானொலியில் அமர்ந்த பிறகோ, அதே எதிரியிடம் வரிசையாக ஆறு தோல்விகளை வர்ணிக்க வேண்டியிருந்தது. 2020-இல் தொற்றால் ஆட்டமே ரத்து. 2021 இருவருக்கும் கடைசிப் பருவம். அந்த ஆண்டு மிச்சிகன் 42–27 என்று ஜெயித்தது. ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்; அது அவர் கணக்கில் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் 2015 முதல் ஜோ மூர் என்றொரு விருது கொடுக்கிறார்கள். தனி ஆளுக்கு இல்லை, லைன்மேன் வரிசை முழுவதற்கும் சேர்த்து. 2021 பருவத்தில் அது மிச்சிகனுக்கு வந்தது.