டோக்கியோவில் என் ராமென் கடைகள்

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ‘ஏ’ பிளாக் வாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் முதலில் என்னிடம் கேட்டது, ஜப்பானில் குப்பையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி. போன பொதுக்குழுவில் குப்பை பற்றிப் பேசி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அதனால், “சார், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேனே” என்று தப்பித்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘சி’ பிளாக் மாமா பத்து நாள் முன்பு லிஃப்டில் பிடித்துக்கொண்டார். அவர் பெண்ணுக்கு டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாள். சுத்த சைவம். “அங்கேதான் தெருவுக்குத் தெரு நூடுல்ஸ் கடையாமே, சமாளித்துக்கொள்வாள் இல்லையா?” என்று கேட்டார். மூன்றாவது மாடி வந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன். மாமா, பதில் சொல்லாமல் போனதாக நினைக்காதீர்கள். அது லிஃப்டில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

நான் 2004 முதல் 13 வருஷம் டோக்கியோவில் இருந்தேன். நிஷி கசாய் என்ற பகுதி. நம் ஊர் ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். சனிக்கிழமை காலையில் கடைத்தெருவில் நடந்தால் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழும். அங்கிருந்து தோசாய் லைன் என்ற சுரங்க ரயில் நகரத்தின் குறுக்கே போகிறது. என் ராமென் ஞானத்தில் பாதி அந்த ரயில் போட்ட பிச்சை.

ராமென் என்றால் பாக்கெட்டில் வரும் இரண்டு நிமிட சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்தப் பாக்கெட்டும் ஜப்பான் சரக்குதான். மொமொஃபுகு ஆண்டோ 1958-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கடை ராமென் வேறு ஜாதி. சீனாவிலிருந்து வந்த நூடுல்ஸை ஜப்பான்காரர்கள் தங்கள் வாய்க்கு மாற்றிக்கொண்டது. 1910-ல் டோக்கியோ அசகுசாவில் ராய்ராய்க்கென் என்று ஒரு கடை திறந்தது. யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை வரவழைத்து நடத்தினார்கள். ராமென் கடை என்று இன்று சொல்வதன் ஆரம்பம் அதுதான் என்பார்கள்.

நூடுல்ஸ் கோதுமை. அதில் ‘கான்சுய்’ என்று ஒரு காரநீர் சேர்ப்பார்கள். அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிறோமே, அந்த வேலைதான். மஞ்சள் நிறமும், பல்லில் படும்போது ஒரு துள்ளலும் அதனால் வருவது. ஆனால் கடைக்காரரின் பெயர் நிற்பதும் விழுவதும் குழம்பில். குழம்பு என்று நான் சொல்வது அந்த வெந்நீர் ரசம் மாதிரியான சூப்பை. பன்றி எலும்பு, கோழி எலும்பு, கடற்பாசி, உலர்ந்த மீன் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைப்பார்கள்.

கடைக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கடைகளில் வாசலிலேயே ஒரு சீட்டு மெஷின் இருக்கும். பணத்தைப் போட்டு பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதா? இடதுபக்கம் மேலே முதல் பட்டனை அழுத்துங்கள். அநேகமாக அதுதான் அந்தக் கடை பெயர் வாங்கிய ராமென். உள்ளே பத்துப் பேர் உட்காரும் நீள மேடை. கிண்ணம் வந்ததும் சூடாக, சத்தம் போட்டு உறிஞ்சிச் சாப்பிடலாம். சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கினேனே, அதே சத்தம். அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடம். எழுந்து போய்விட வேண்டும், பின்னால் வரிசை நிற்கும். டிப்ஸ் கிடையாது.

இப்போது என் கடைகள். மறுபடி ஒருமுறை டோக்கியோவில் இறங்கினால் முதலில் ஓகிகுபோவுக்குத்தான் போவேன். தோசாய் லைன் ரயில்களில் சில நகாநோவைத் தாண்டியும் ஓடும், மாறாமல் கொள்ளாமல் ஓகிகுபோவில் இறங்கலாம். அங்கே ‘ஹாருகியா’, 1949-லிருந்து இருக்கிற கடை. சோயா சாஸ் போட்ட பழைய டோக்கியோ முறை. குழம்பில் மேலோங்கி நிற்பது ‘நிபோஷி’. அதாவது காய்ந்த சின்ன மத்தி. நம் பாஷையில் கருவாடு. முதல் தடவை கதவைத் திறந்தபோது அடித்த வாசனையில் எனக்கு எங்கள் ஆத்தா வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் கருவாட்டு வாசனை பற்றி நடந்த சண்டையை நான் இங்கே கிளற வரவில்லை. அதே வாசனைக்காக அங்கே மழையில் குடை பிடித்து நிற்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ‘எத்தனை வருஷமானாலும் சுவை மாறவில்லை’ என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டுமானால், கடைக்காரர் சுவையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஏனென்றால் வாடிக்கையாளரின் நாக்கு மற்ற இடங்களில் சாப்பிட்டுச் சாப்பிட்டு வளர்ந்துவிடுகிறது. அப்படியே வைத்திருந்தால் ‘முன்ன மாதிரி இல்லையே’ என்பார்கள். இதற்கு ‘ஹாருகியா கோட்பாடு’ என்றே பெயர்.

இரண்டாவது, ஹிகாஷி இகெபுகுரோவின் ‘தைஷோகென்’. கசுவோ யமாகிஷி என்பவர் 1961-ல் ஆரம்பித்தது. நூடுல்ஸைத் தனியாக, ஆறவைத்து ஒரு தட்டில் தருவார்கள். புளிப்பும் இனிப்புமாகக் கெட்டியான சூடான குழம்பு தனிக் கிண்ணத்தில். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். ‘ட்சுகேமென்’ என்று இன்று ஜப்பான் முழுக்க விற்கும் இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அவர்தான். நான் 2006-ல் போனபோது பழைய கட்டடம், ஒழுகும் தகரம், ஒன்றேகால் மணி நேர வரிசை. அடுத்த வருஷம் அந்தப் பகுதியையே இடித்துப் புதிதாகக் கட்டுவதால் கடையை மூடினார்கள். கடைசி நாட்களில் வரிசை தெருவைச் சுற்றியதை டி.வி.யில் காட்டினார்கள். 2008-ல் பக்கத்திலேயே சீடர் ஒருவர் மறுபடி திறந்தார். யமாகிஷி தன் பக்குவத்தை யாருக்கும் ஒளிக்கவில்லை. கற்றுக்கொண்டு போனவர்கள் அதே பெயரில் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். அவர் 2015-ல் காலமானார். புதுக் கடையிலும் சாப்பிட்டேன். சுவையில் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தத் தகரம் இல்லாதது எனக்குக் குறைதான்.

மிதா என்ற இடத்தில் கெய்யோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ‘ராமென் ஜிரோ’ இருக்கிறது. மாணவர்களின் கோயில். மலை மாதிரி முட்டைக்கோஸும் முளைகட்டிய பயறும், கீழே தடித்த நூடுல்ஸ், பன்றிக் கொழுப்பு. “பூண்டு போடவா?” என்று கேட்பார்கள். ஆம் என்றால் ஒரு கரண்டி பச்சைப் பூண்டு. முப்பத்தைந்து வயதுக்குள் போனால் போங்கள். நான் இரண்டு தடவை போனேன், இரண்டாவது தடவை அவசியமில்லை.

சுகாமோவில் இருந்த ‘ட்சுதா’ 2016-க்கான மிஷெலின் கையேட்டில் ஒரு நட்சத்திரம் பெற்றது. உலகத்திலேயே முதல் ராமென் கடை. ஒன்பது இருக்கை. காலையில் போய் ஆயிரம் யென் முன்பணம் கட்டி நேரச்சீட்டு வாங்க வேண்டும். இரண்டு முறை போய் இரண்டு முறையும் சீட்டு தீர்ந்து திரும்பினேன். அதனால் சுவை பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. அதை நடத்திய யூகி ஓனிஷி 2022-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டது இன்னும் உறுத்துகிறது.

எபிசுவில் ‘அஃபுரி’. லேசான கோழிக் குழம்பில் யூசு என்ற பழத்தின் தோல். எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் நடுவில் ஒரு மணம். கொழுப்பு வாடை பிடிக்காதவர்களை நான் அழைத்துப்போகும் இடம் அது. ‘டி’ பிளாக் பாய் ஹலால் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அசகுசாவில் ‘நரிதாயா’ இருக்கிறது பாய், கோழிக் குழம்பு.

இனி மாமாவின் கேள்வி. இதைச் சொல்வதற்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் நேற்று ராத்திரியே அனுமதி வாங்கிவிட்டேன்.

என் மனைவி சைவக் குடும்பம். நான் அப்படி இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி டோக்கியோ வந்த புதிதில், நான் ராமென் ராமென் என்று உருகுவதைக் கேட்டு ஒருநாள், “நானும் வருகிறேன்” என்றாள். வீட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. வயதான கணவன் மனைவி நடத்துவது. நான் பெரிய ஜப்பானிய மொழிப் புலவன் மாதிரி, “நிகு நாஷி” என்றேன். இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பெரியவர் தலையாட்டிவிட்டு, மேலே வைக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கீரையும் மூங்கில் குருத்தும் நிறைய அள்ளி வைத்துக் கொடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தார்.

என் மனைவி இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “ரொம்ப நன்றாக இருக்கிறதே, இதில் என்ன போடுகிறார்கள்?” என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். பின்னால் கொதிக்கும் அண்டாவைத் திறந்து கரண்டியால் கிளறிக் காட்டினார். எலும்பு.

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். முழுசாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அதனால் கேட்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் என் வசதிக்கு அவளை ஏமாற்றினேன். அவள் சத்தம் போடவில்லை. கரண்டியை வைத்தாள், பெரியவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள், வெளியே போய் நின்றாள். அதற்கப்புறம் ஏழு வருஷம் ராமென் கடை வாசலை மிதிக்கவில்லை. நானும் வேலை முடிந்து வரும் வழியில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பூண்டு வாசனையோடு வீட்டுக்கு வருவேன். “சாப்பிட்டாச்சா?” என்று மட்டும் கேட்பாள்.

மாமா, அதனால்தான் சொல்கிறேன். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் அங்கே துண்டு மட்டும்தான் போகும், குழம்பு அப்படியே இருக்கும். ‘யசாய் ராமென்’ என்றால் காய்கறி ராமென், ஆனால் காய்க்குக் கீழே இருப்பது பன்றிச் சாறாக இருக்கலாம். மிசோ சோயாவில் செய்வது, அதனால் மிசோ ராமென் சைவம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் அன்பாகச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். மீன் தூள் பலருக்கு அசைவக் கணக்கிலேயே வராது. சில கடைகளில் நூடுல்ஸிலும் முட்டை உண்டு. யாரும் ஏமாற்றுவதில்லை, அவர்கள் கணக்கு வேறு. வழி என்னவென்றால், கடையே முழுக்கச் சைவமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘டீஸ் தந்தன்’. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. தந்தன்மென் என்பது சீனாவின் சிச்சுவானிலிருந்து வந்த காரமான வகை. எள் அரைத்த விழுதும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, மேலே சோயா உதிரி. 2012-ல் ஆபீஸில் ஒரு ஜப்பானியப் பெண் சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை நான் மனைவியிடம் எதுவும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. “நீயே கேட்டுப் பார்” என்றேன். கேட்டாள். ஒவ்வொன்றாக, விரல் விட்டு எண்ணி. கடைப் பெண்ணும் சலிக்காமல் பதில் சொன்னாள்.

கிண்ணம் வந்தது. வாசனை பிடித்துவிட்டு, “எள்ளுப்பொடி” என்றாள். பிறகு பேச்சே இல்லை. கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குழம்பு முழுவதையும் குடித்தாள். நானும் அதையேதான் சாப்பிட்டேன். பிறகு அங்கே இருந்த ஐந்து வருஷமும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது போயிருப்போம்.

எனக்குப் பிடித்த ராமென் அதுவா என்று கேட்டால், இல்லை. ஹாருகியாதான். ஆனால் பிடித்த கடை அது.

மாமா, போகும் வழி. நிஷி கசாய் பக்கம் வீடு எடுத்தால் தோசாய் லைனில் ஓதேமாச்சி, கால் மணி நேரம். அங்கிருந்து சுரங்க வழியாகவே டோக்கியோ நிலையத்துக்கு நடந்துவிடலாம். டிஸ்னிலேண்ட் போகும் கெய்யோ லைன் பலகையைப் பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். கடை ஜே.ஆர். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. ரயில் ஏறாமல் சாப்பிட மட்டும் போவதானால் பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம்தான் செல்லும். முதல் நாளே கருப்பு எள் வேண்டாம், வெளிர் எள் போட்டதைக் கேட்கச் சொல்லுங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனால் நிற்க வேண்டியிருக்கும், மூன்று மணிக்குப் போகலாம்.

கேள்வி இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசுவோம், சுண்டல் ஆறுகிறது.