கதை சொல்பவன் இருக்கும் வரை: ரீமேக் விளையாட்டுகளில் நேர்க்கதையும் திறந்த உலகமும்

இலக்கியத்துக்கென ஏற்பட்ட சொற்பொழிவில் வீடியோ கேம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் பாரதம் கேட்பதில் பெருவிருப்பம் உடையவர் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். என் பொருளுக்கு அது மிகவும் பொருந்துகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடியோ கேம் துறைக்குள் நடக்கும் வழக்கு இந்த அவையில் பலருக்கும் தெரிந்ததுதான். பழைய விளையாட்டு ஒன்றை இன்றைய கருவிகளுக்காகத் திரும்ப உருவாக்குகிறார்கள். அப்படி ரீமேக் செய்யும்போது, ஒரே வழியில் போன கதையைத் திறந்துவிட்டு, ஆடுபவர் நினைத்த திசையில் திரியும் ஓபன் வேர்ல்டாக மாற்றலாமா? மாற்றத்தான் வேண்டும் என்பது துறை நண்பர்கள் பலரின் கட்சி. அன்றைய கருவிக்குத் திராணி இல்லாததால்தான் கதை ஒற்றையடிப் பாதையில் போயிற்று என்கிறார்கள். நம் மக்கள் கதையை அனுபவித்த முறையே திறந்தவெளிதான், தெருக்கூத்தைப் பாருங்கள் என்றும் சொல்கிறார்கள். கருத்தரங்குகளில் இதற்கு அவசரமாக மறுமொழி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றுதான் முழுதாகப் பேச இடம் கிடைத்திருக்கிறது.

என் சான்று ஒரே ஒரு விளையாட்டு: 2003-இல் யூபிசாஃப்டின் மான்ட்ரியால் கூடத்திலிருந்து வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகியிருந்த காலம் அது. இன்று நாற்பதை நெருங்கும் பலர் அதை அங்கேதான் ஆடியிருப்பார்கள். அவர்களுக்கு நினைவிருப்பது சுவரில் ஓடும் இளவரசனும் காலத்தைப் பின்னோக்கி இழுக்கும் கத்தியும். நான் பேச வந்தது அந்தக் கதையைச் சொல்லும் குரலைப் பற்றி.

கதை தொடங்குவது இந்தியாவில். பாரசீகப் படை ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறது. இளவரசன் அங்கிருந்து காலக் கத்தியை எடுக்கிறான். மணற்கடிகை ஒன்றும் கொள்ளைபோகிறது. அதை ஆசாத் நகரத்துக்குக் கொண்டுபோய், வஞ்சக மந்திரியின் பேச்சைக் கேட்டு அவன் திறந்துவிட, மணல் பரவி மனிதர்கள் பூதங்களாகிறார்கள். மிஞ்சுகிறவர்களில் ஒருத்தி மகாராஜாவின் மகள் ஃபாரா. இவ்வளவும் ஒரு குரல் நமக்குச் சொல்ல நடக்கிறது. இளவரசன் தன் கதையைத் தானே சொல்கிறான்.

நாம் தவறிப் பள்ளத்தில் விழுந்தால், கத்தியில் மணல் இருக்கும் வரை காலத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மணல் தீர்ந்தபின் விழுந்தால் சாவு. அப்போது அந்தக் குரல் குறுக்கிட்டு, அப்படி நடக்கவில்லையே என்று தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்கிறது. செத்தவன் எப்படிக் கதை சொல்வான்? ஆகவே நம் சாவு கதையில் சேராது. சொல்பவனின் நாக்குப் பிறழ்ந்ததாகிவிடுகிறது. மணல் தூணுக்குள் நுழைந்தால் இனி வரப்போகும் காட்சிகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. சொல்பவனுக்கு அவை முன்பே நடந்து முடிந்தவை, அதனால் தெரிகின்றன. ஆட்டத்தைச் சேமிப்பது, மறுபடி தொடங்குவது எல்லாம் அவன் கதையை நிறுத்துவதாகவும் விட்ட இடத்திலிருந்து எடுப்பதாகவும் அமைகின்றன.

அவன் யாரிடம் சொல்கிறான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. நம்மிடம் என்றே அதுவரை நினைத்திருந்தோம். அவன் காலத்தை வெகுதூரம் பின்னுக்கு இழுத்து, படையெடுப்புக்கு முந்தைய இரவில் ஃபாராவின் அறைக்கு வந்து, அவளிடம்தான் இத்தனையும் சொல்லியிருக்கிறான். அவளுக்கோ எதுவுமே நடக்கவில்லை. இவனைப் பார்த்ததுகூட இல்லை. அவள் நம்ப மறுக்கிறாள். அவன் முத்தமிடுகிறான், அவள் பதறி விலகுகிறாள், அந்த நொடியையும் அவன் கத்தியால் அழித்துவிடுகிறான். பெயர் கேட்டதற்கு, நடக்காமல் போன அந்த நாட்களில் அவள் அவனை நம்பி வெளியிட்ட சிறுவயது ரகசியச் சொல்லைத் தன் பெயராகச் சொல்லிவிட்டுப் போகிறான். நாம் இரவெல்லாம் கண் விழித்து ஆடியது முழுவதும் இனி ஒருவன் நினைவில் மட்டுமே உள்ள வரலாறு. விளையாட்டுக் கதைகளில் இதைவிடப் பெரிய துயரத்தை நான் கண்டதில்லை.

இதைத் திறந்த உலகமாக ஆக்குங்கள் என்கிறார்கள். ஆக்கினால் என்ன ஆகும்? ஒரே இரவில், மந்திரியைப் பற்றி எச்சரிக்கை சொல்ல ஓடி வந்தவன், அந்தப் பெண்ணிடம் வழியில் சேகரித்த சில்லறைப் பொருள்களையும், சுற்றிய மூலைமுடுக்குகளையும் சொல்லிக்கொண்டிருப்பானா? அங்கே நேர்க்கோடு என்பது வேறொன்றுமில்லை, அவனுடைய அவசரம்தான். கோட்டை எடுத்தால் கேட்பவள் போய்விடுவாள். அவள் போனால் முடிவும் போய்விடும். காலத்தைத் திருப்புவதற்கே, முன்னும் பின்னும் உள்ள ஒரு கோடு வேண்டுமே!

கருவிக்குத் திராணி இல்லை என்ற வாதமும் நிற்காது. இதே கதை ஓடிய பிளேஸ்டேஷன் 2-இல்தான் 2001-இலேயே ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ ஒரு நகரம் முழுவதையும் திறந்துவிட்டது. வழி இருந்தது, மான்ட்ரியால்காரர்கள் அறிந்தே அதை வேண்டாம் என்றார்கள். ஜோர்டன் மெக்னர் 1989-இல் தனியாளாகச் செய்த முதல் ‘பிரின்ஸ்’ ஆட்டத்திலேயே இளவரசியை மீட்க அறுபது நிமிடம்தான் கெடு. 2003-ஆம் ஆண்டுக் கதையை எழுதியவரும் அவரே.

திறந்து பார்த்த அனுபவமும் உண்டு. 2008-இல் வந்த புது ‘பிரின்ஸ்’ கதையில் நான்கு நிலப்பகுதிகளை விரும்பிய வரிசையில் ஆடலாம். எது முன்னே வரும் என்று ஆசிரியருக்கே தெரியாததால் ஒரு பகுதியின் நிகழ்ச்சி இன்னொன்றைத் தொட முடியவில்லை. உடன் வரும் எலிகாவுடன் உரையாடல் பெரும்பாலும் பொத்தானை அழுத்தினால் உண்டு, அழுத்தாவிட்டால் இல்லை என்றாயிற்று. அழகான ஆட்டம்தான். ஆனால் கதை அதில் விருப்பப் பாடமாகிவிட்டது.

2003 ஆட்டத்தின் ரீமேக் 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பை கூடங்களுக்கு வந்திருந்தது. இந்தியாவில் தொடங்கும் கதை இந்தியர் கைக்கு வந்தது. முன்னோட்டத்தில் காட்சித் தரம் போதாது என்று உலகெங்கும் குறை எழுந்தது, வெளியீடு தள்ளிப்போனது, 2022-இல் பணி மான்ட்ரியாலுக்கே திரும்பியது. அந்த வாதங்களில் முகத்தின் தோல், ஒளி, நிழல் பற்றி ஆயிரம் பேச்சு. சொல்லும் குரலை எப்படிக் காப்பது என்ற பேச்சு அதில் பத்தில் ஒரு பங்குகூட என் காதில் விழவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்.

இனி கூத்து. தொண்டைமண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களை நண்பர்கள் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். ஊரே களம் என்பது உண்மை. பார்ப்பவர் தூங்கலாம், டீ குடிக்கப் போகலாம், வளையல் கடையில் நிற்கலாம், துகில் உரியும் நேரத்துக்கு ஓடி வரலாம். கட்டியங்காரன் ஊர்க்கதை பேசி ஒரு காட்சியை எவ்வளவும் நீட்டலாம். ஆனால் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் பதினெட்டாம் போரை யாரும் ஆடுவதில்லை. அந்தப் போர் இரவெல்லாம் நடந்து, விடிந்ததும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உடலருகே போய் முடியும். அங்கேதான் திரௌபதி கூந்தல் முடிவாள். இடம் திறந்திருக்கிறது, காலம் மூடியிருக்கிறது. நண்பர்கள் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

‘ஃபைனல் ஃபேன்டசி 7’ இதற்கு நேர்மாறான பாடம். 1997 மூலத்தில் மிட்கர் நகரத்துக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வரும்போது உலகம் விரிந்தது. ரீமேக்கின் இரண்டாம் பகுதியாக 2024-இல் வந்த ‘ரீபர்த்’ நிலத்தைத் தாராளமாகத் திறந்தது. வில்லன் செபிரோத்தைத் துரத்துகிறவர்கள் ஊர் ஊராகச் சீட்டாடி முடிக்கும் வரை அவனும் காத்திருக்கிறான். நிலம் பெருகியது, அவசரம் கரைந்தது.

விரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வில்லிபுத்தூரார் 4,300-க்கும் மேற்பட்ட பாடல்களில் பாடிய பாரதத்தை, 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அவர் பாடல்களையும் உள்ளடக்கிச் சுமார் 14,000 பாடல்களாக விரித்தார். பருவ வரிசை குலையவில்லை.

மாணவர்கள் செய்ய வேண்டியவை நிறைய. கூத்து இரவு ஒன்றில் எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நீள்கிறது, பார்வையாளர் எப்போது எழுந்து போகிறார், எப்போது திரும்புகிறார் என்று கடிகாரம் வைத்துப் பதிவு செய்யலாம். 2019-இன் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ ரீமேக்கை 1998 மூலத்தோடு அறை அறையாக ஒப்பிடலாம். அங்கே காவல் நிலையத்தின் பூட்டிய கதவுகளே கதையை நடத்துகின்றன. பட்டாபிராம் டைடல் பூங்காவுக்கு வேலை தேடிப் போகும் பிள்ளைகளில் யாராவது பாரதத்தை விளையாட்டாக்க முனைந்தால், சொல்பவன் யார், கேட்பவர் யார் என்பதை நிலப்படம் வரைவதற்கு முன் முடிவு செய்யட்டும். வீட்டு அலமாரிகளில் கிடக்கும் 2003 காலத்து சிடிக்களையும் யாராவது ஒரு நூலகத்தில் சேர்க்க வேண்டும். ரீமேக்குகள் வந்தபின் மூலங்களைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.